வேலை போச்சு, பாட்டு நிக்கல

இன்னைக்கு 1934-ல வந்த ஒரு கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் மியூசிக்கல் படம், 'சிங் ஆஸ் வீ கோ'.

லங்காஷயர்ல ஒரு பஞ்சாலையை மூடிடுறாங்க. வேலை போன கிரேஸ், சைக்கிளை எடுத்துக்கிட்டு பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்புறா. அங்க கிடைச்ச வேலையெல்லாம் பார்க்கிறா. எதுவும் நிலைக்கல. பாட்டு மட்டும் நிக்கவே இல்ல.

கிரேஸா நடிச்ச கிரேசி ஃபீல்ட்ஸ், சின்ன வயசுல நிஜமாவே பஞ்சாலையில வேலை பார்த்தவங்க. அதனாலயோ என்னவோ, கூட வேலை செஞ்ச அக்கா தோள்ல கை போட்டுப் பாடுற மாதிரியே இருக்கு.

கடைசியில ஆலை திறக்குது. எல்லாரும் பாடிக்கிட்டே உள்ள போறாங்க. நிஜத்துல லங்காஷயர் பஞ்சுத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவே இல்ல. அது தெரிஞ்சு பார்த்தா, அந்த ஊர்வலம் தொண்டையை அடைக்குது.

லே-ஆஃப் மெயில் வந்த ஃப்ரெண்டு யாராவது இருந்தா, கூட உட்கார்ந்து பாருங்க.