டபுள் பண்ணிட்டே போனா ஜெயிச்சிடலாமா?

டெலிகிராம்ல சுத்திட்டு இருக்கிற ஒரு மெசேஜை நேயர் ஒருத்தர் அனுப்பியிருந்தார். "பெட் தோத்தா அடுத்த மேட்ச்சுக்கு டபுளா கட்டுங்க. என்னைக்காவது ஜெயிச்சுத்தானே ஆகணும்? விட்ட பணம் மொத்தமா வந்துடும்." கூடவே அவரோட கேள்வி: "ப்ரோ, கணக்கு சரியாத்தானே இருக்கு. எங்க ஓட்டை?"

இதுக்குப் பேரு மார்ட்டிங்கேல். 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல இருந்தே சூதாடுறவங்க நம்பிட்டு வர்ற முறை. முதல்ல 100 ரூபாய், தோத்தா 200, அப்புறம் 400, 800. எந்த இடத்துல ஜெயிச்சாலும் விட்டதெல்லாம் திரும்ப வந்து, மேல 100 ரூபாய் லாபம். இங்கேயே ஒண்ணைக் கவனிங்க. லாபம் எப்பவும் அதே 100 தான். ஏறிட்டே போறது நீங்க கட்டுற பணம் மட்டும்தான். தொடர்ந்து 7 தோல்வின்னா போனது 12,700. 10 தோல்வின்னா 1,02,300.

"அப்படித் தொடர்ந்து யாரு தோப்பாங்க?"ன்னு கேட்பீங்க. நம்ம இந்திய ஒருநாள் அணிதான்! 2023 உலகக் கோப்பை ஃபைனல்ல ஆரம்பிச்சு, 2025 டிசம்பர்ல விசாகப்பட்டினத்துல ஜெயிக்கிற வரைக்கும், தொடர்ந்து 20 டாஸ் தோத்தாங்க. டாஸ்ல ஃபார்ம், பிட்ச் எதுவும் கிடையாது. சுத்தமான 50-50. அந்த 20 தடவையும் ஒருத்தர் இந்தியா பக்கம் டபுள் பண்ணிட்டே வந்திருந்தா? விட்டது 10 கோடியே 48 லட்சத்து 57 ஆயிரத்து 500 ரூபாய். விசாகப்பட்டினத்துல அதைவிட 100 ரூபாய் கூடுதலா கட்டணும். ஜெயிச்சா கடைசியில கையில நிக்கிற லாபம்? 100 ரூபாய்.

சரி, 20 தோல்விங்கிறது பத்து லட்சத்துல ஒண்ணு. ஆனா நம்மள மாதிரி ஆளைக் காலி பண்ண 7 போதும். ஐபிஎல் சீசனுக்கு 74 மேட்ச். ஒவ்வொண்ணையும் 50-50ன்னு வச்சுக்கிட்டு, கையில 12,700 ரூபாயோட இறங்குறீங்க. சீசன் முடியறதுக்குள்ள எங்கயாவது 7 தொடர் தோல்வி வர்றதுக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு. நம்பலைன்னா பைத்தான்ல பத்து வரி எழுதி நீங்களே ரன் பண்ணிப் பாருங்க.

இந்த முறை உயிரோட இருக்கிறதுக்கே காரணம் இந்த நாலுல ஒண்ணுதான். நாலு பேர் ஆடினா மூணு பேர் சுமார் 3,500 ரூபாய் பார்த்துட்டு குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. நாலாவது ஆள் 12,700-ஐ விட்டுட்டு சத்தமில்லாம குரூப்ல இருந்து வெளியேறிடுவார். அவர் ஸ்கிரீன்ஷாட்டை நீங்க பார்க்கவே மாட்டீங்க. ஜெயிச்ச மூணு பேரும் அடுத்த சீசனும் ஆடுவாங்க, அப்போ வரிசை அவங்களுக்கும் வரும்.

இதுவரைக்கும் நான் சொன்னது நியாயமான ஆட்டம். நிஜத்துல 50-50 பெட்டுக்கு இரண்டு மடங்கு கிடைக்காது. பெரும்பாலும் 1.90 மாதிரிதான் கொடுப்பாங்க. அதாவது 100 கட்டி ஜெயிச்சா லாபம் 90. இப்போ டபுள் கணக்கைப் போடுங்க. 100, 200, 400, 800 நாலும் தோத்தாச்சு, போனது 1,500. அஞ்சாவது 1,600 கட்டி ஜெயிக்கிறீங்க, லாபம் 1,440. ஜெயிச்சும் 60 ரூபாய் நஷ்டம்! அதை ஈடுகட்ட ஒவ்வொரு தடவையும் டபுளுக்கும் மேல ஏத்தணும். அந்த 1.90-ல, நீங்க கட்டுற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியா 5 ரூபாய் கம்பெனிக்குப் போகுது. கட்டுற தொகை ஏற ஏற, அந்த அஞ்சு சதவீதமும் பெருசாகும். இது பத்தாதுன்னு, ஒரு பெட்டுக்கு இவ்வளவுதான்னு கம்பெனியே உச்சவரம்பும் வச்சிருக்கும்.

ஃபிபோனாச்சி வரிசையில ஏத்துறது, தோத்தா ஒரு யூனிட் மட்டும் கூட்டுறதுன்னு மெதுவான முறைகளும் இருக்கு. இன்டர்வியூவுக்கு ஃபிபோனாச்சி படிச்சவங்களுக்கு அது ஏதோ சயின்ஸ் மாதிரி தெரியும். நஷ்டம் கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டும் சராசரியா நஷ்டம்னா, எந்த வரிசையில அடுக்கினாலும் கூட்டுத்தொகை லாபமா மாறாது.

2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம்களையே தடை பண்ணிடுச்சு. இன்னைக்கு டெலிகிராம் லிங்க் வழியா போற பணம் மாட்டிக்கிட்டா, கஸ்டமர் கேர்னு கேட்க ஒரு இடம்கூட இருக்காது.

கடைசியா, இப்போ அஞ்சாவது ஆறாவது தோல்வியில நின்னுட்டு, லோன் ஆப்பைத் திறந்து வச்சுக்கிட்டு இதைக் கேட்கிறவங்களுக்கு. "இத்தனை தோல்விக்கு அப்புறம் அடுத்தது கண்டிப்பா நமக்குத்தான்"னு தோணும். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த பெட்டும் அதே 50-50தான், கட்டப்போற பணம் மட்டும்தான் பெருசு. போனது போனதாவே இருக்கட்டும், அங்கேயே நிறுத்துங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. சொல்ல ஆள் இல்லைன்னா 14416, டெலி மானஸ். இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.