ஒரு கிலோ ஆம்ப், 160 வோல்ட்

காலேஜ் பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒருத்தர் கேட்டிருந்தார்: "மெட்ரோவுல தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு சின்ன ஆம்ப் ஹெட் வாங்கணும், எது வாங்கலாம்?" ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு முடிச்சிடலாம். ஆனா இந்த விஷயத்துல நான் இன்னொருத்தரோட காசை வீணாக்கினவன். அதனால அந்தக் கதையில இருந்தே வர்றேன்.

எனக்கு உத்திரமேரூர் பக்கம். ஸ்கூல்ல குடவோலை முறைன்னு படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும், ஊர்ச்சபைக்கு எப்படி ஆள் எடுக்கணும்னு கோயில் சுவத்துல வெட்டி வெச்சாங்களே, அந்த ஊர்தான். கல்வெட்டு பார்க்க வர்றவங்க பகல்ல வந்துட்டுப் போயிடுவாங்க. நீங்க ஆடி மாசம் ராத்திரியில வந்து பாருங்க. சுத்துப்பட்டு கிராமத்துல எங்க கூழ் ஊத்தினாலும், எங்க தீ மிதிச்சாலும், ராத்திரி ஒரு மெல்லிசைக் கச்சேரி இருக்கும். அதுல ஒரு குழுவுல நான் கீபோர்டு.

எங்களுக்கு பேஸ் வாசிக்கிற அண்ணனுக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. அவர் ஒரே குழுவுல இல்ல, மூணு நாலு குழுவுக்கு வாசிக்கிறவர். அதனால குழு வேனை நம்ப முடியாது. காஞ்சிபுரம் பஸ்ஸோ செங்கல்பட்டு பஸ்ஸோ, லக்கேஜ் டிக்கெட் போட்டு, ஸ்பீக்கரும் ஆம்பும் ஒண்ணா இருக்கிற முப்பது கிலோ பெட்டியை அவரே ஏத்தி அவரே இறக்குவார். இருபது வருஷம் அப்படித்தான். அப்புறம் இடுப்புல டிஸ்க் நகர்ந்துடுச்சு. டாக்டர் வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டார். "தம்பி, நீதான் நெட்ல எல்லாம் பார்க்கிறியே, சின்னதா ஏதாவது இருந்தா சொல்லு. இல்லன்னா இந்த ஆடியோட நிறுத்திக்கிறேன்" அப்படின்னார்.

ஹெட் மட்டும் போதும்ங்கிறது சரியான யோசனைதான். ஏன்னா எங்க பக்கத்துல மைக் செட்காரர்கிட்ட ஸ்பீக்கர் பாக்ஸ் எப்பவும் கூடுதலா ஒண்ணு ரெண்டு இருக்கும். ஹெட்டையும் ஒரு ஸ்பீக்கர் கேபிளையும் கொண்டு போனா மேடையில நமக்குக் கேட்கிற அளவுக்கு அது தாராளம். ஊருக்குக் கேட்க வைக்கிறது அவரோட வேலை.

எடை எப்படிக் குறைஞ்சதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1969ல வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட். 14 வால்வு. ஹெட் மட்டுமே நாப்பது கிலோ பக்கம் வரும். இன்னைக்கு டிரேஸ் எலியட் எல்ஃப், வார்விக் நோம் மாதிரி ஹெட் எல்லாம் 200 வாட், ஒரு கிலோகூட இல்ல. ரெண்டு காரணம். ஒண்ணு கிளாஸ் டி. 'டி'ன்னா டிஜிட்டல் இல்ல. ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். டிரான்சிஸ்டர் பாதி திறந்து பாதி மூடி நிக்காம முழுசா ஆன், முழுசா ஆஃப்னு படபடன்னு மாறிக்கிட்டே இருக்கும். சூடு குறையும், பெரிய அலுமினியக் கட்டி தேவைப்படாது. இன்னொண்ணு பவர் சப்ளை. நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதுக்கு இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் கனமா வேணும். அதையே டிசியாக்கி செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டிக் கொடுத்தா, தீப்பெட்டி சைஸ் டிரான்ஸ்ஃபார்மர் போதும். உங்க போன் சார்ஜர் வேலை செய்யறதும் இப்படித்தான்.

இப்ப என் தப்பு. அமெரிக்காவுல இருந்து ஒருத்தர் கொண்டு வந்த பழைய ஹெட் ஒண்ணு சென்னையில விலைக்கு வந்தது. நல்ல விலை, நல்ல சவுண்ட். 120 வோல்ட்ல மட்டும் ஓடுறது. அதனால என்ன, 230ஐ 110 ஆக்குற டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு போட்டுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அந்த டிரான்ஸ்ஃபார்மரே அஞ்சு கிலோ! ஒரு கிலோ ஹெட்டுக்கு அஞ்சு கிலோ துணை. அப்பவே உறைச்சிருக்கணும்.

முதல் கச்சேரி. மேடை, சீரியல் லைட், பக்கத்துல கரும்பு ஜூஸ் கடை, எல்லாம் ஒரே ஜெனரேட்டர்ல. ஒம்பதரைக்கு மேல ராஜா பாட்டு ஆரம்பிச்சோம். ராஜா பாட்டுக்கு பேஸ் என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அது போச்சுன்னா பாட்டே அந்தரத்துல தொங்கும். ரெண்டாவது பாட்டு சரணத்துல பேஸ் காணோம். ஹெட்ல லைட் அணைஞ்சு, எரிஞ்சு, மறுபடி அணையுது. அண்ணன் கம்பியைத் தட்டிக்கிட்டே என்னைப் பார்க்கிறார். நான் குனிஞ்சு ஒயரை ஆட்டறேன். ஆடிக்கிட்டிருந்த பசங்க விசில் அடிக்கிறாங்க, நல்ல விசில் இல்ல அது.

மைக் செட் அண்ணன் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு 160ன்னார். கணக்குப் போட்டுப் பாருங்க. 230ஐ 110 ஆக்குற டிரான்ஸ்ஃபார்மர், 160 வந்தா 76 தான் கொடுக்கும். 120 வோல்ட் ஹெட் 76ல எப்படி நிக்கும்? தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்குது. ஹெட் மேல தப்பே இல்ல. அதே இடத்துல, பின்பக்கம் '100–240 வோல்ட்'னு போட்ட ஹெட் நேரா சொருகியிருந்தா 160லயும் பேசாம ஓடியிருக்கும்.

அதனால தம்பி, கடைக்குப் போனா முன்பக்கத்துக் குமிழ்களை அப்புறம் பாருங்க, முதல்ல திருப்பிப் பின்பக்கத்தைப் படிங்க. 100–240ன்னு ஒரே மூச்சுல இருந்தா நல்லது. 115, 230ன்னு ஸ்விட்ச் இருந்தா, அது 230ல இருக்கான்னு பார்க்காம சொருகாதீங்க. வெறும் 120ன்னா, எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வேண்டாம்.

வோல்டேஜ் ஏறினா என்னன்னும் கேட்பீங்க. அது இன்னும் மோசம். த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர்ல நியூட்ரல் ஒயர் லூசானா, ஏதோ ஒரு ஃபேஸ்ல 300க்கு மேல ஏறும். அதை எந்த ஹெட்டும் தாங்காது. ரிச்சி ஸ்ட்ரீட்ல பிளக்ல சொருகினா வோல்ட் காட்டுற குட்டி மீட்டர் விக்கிறாங்க. அதை வாங்கி பேக்ல போட்டுக்கோங்க. முதல்ல அதைச் சொருகுங்க, அப்புறம் ஆம்ப்.

எர்த் விஷயத்துல நான் கொஞ்சம் கறாரான ஆள். ஹம் வருதுன்னு மூணாவது பின்னை உடைக்கிறவங்களை இன்னும் பார்க்கிறேன். கை கம்பியில, உதடு மைக்ல, நடுவுல நீங்க. சுர்ருன்னு இழுக்கும், ஈரத் தரையா இருந்தா இழுக்கிறதோட நிக்காது. ஹம்மைக் குறைக்க ஹெட்லயே டிஐ அவுட் பக்கத்துல 'கிரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது சிக்னல் ஒயரோட கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. அந்த ஸ்விட்ச் இல்லாத ஹெட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

வாட் பத்தி ரொம்ப அலட்டிக்க வேண்டாம். வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினா கூடுறது 3 டெசிபல்தான், காதுக்கு 'கொஞ்சம் கூட' அவ்வளவுதான். பெட்டியில போட்ட 200 வாட் பெரும்பாலும் 4 ஓம்ல. மைக் செட்காரர் பாக்ஸ் ஒண்ணு 8 ஓம்னா கிட்டத்தட்ட பாதிதான் வரும். ரெண்டு 8 ஓம் பாக்ஸைச் சேர்த்தா 4, முழுசா வரும். ரெண்டு 4 ஓம் பாக்ஸைச் சேர்த்தா 2 ஆயிடும். பாதி ஹெட்டுக்கு அது ஆகாது, பின்னாடி எழுதியிருக்கும்.

ஒரு குறையையும் சொல்லணும். அண்ணனோட பழைய பெட்டி மழையில நனைஞ்சு செத்தப்போ, பஜார்ல ரேடியோ மெக்கானிக் 2என்3055 டிரான்சிஸ்டர் ரெண்டை மாத்தி அன்னைக்கு சாயங்காலமே கொடுத்துட்டார். கிளாஸ் டி போர்டுல அந்தக் கதை நடக்காது. கடுகு மாதிரி பார்ட்ஸ், போர்டையே மாத்தணும். அதனால இந்தியாவுல சர்வீஸ் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. கூடவே ஒரு பாசிவ் டிஐ பாக்ஸும் வெச்சுக்கோங்க. அதுக்குக் கரண்டே வேண்டாம். அன்னைக்கு ராத்திரி எங்களைக் காப்பாத்தினதும் அதுதான்: மைக் செட் அண்ணன் தன் டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து, பேஸை நேரா மிக்ஸர்ல போட்டுவிட்டார். மூணாவது பாட்டுல இருந்து பேஸ் ஊர் முழுக்கக் கேட்டுது. ஆனாலும் பேசின காசுல கொஞ்சம் பிடிச்சுட்டாங்க, அதுவும் அண்ணன் பங்குலதான் பிடிச்சாங்க.

அந்த ஹெட்டை வாங்கின விலைக்குக் கீழதான் விக்க முடிஞ்சுது. துண்டு விழுந்ததை நான் போட்டேன். அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னார். இப்ப அவர்கிட்ட 100–240 போட்ட 200 வாட் ஹெட் ஒண்ணு, கிட்டார் பையோட முன் ஜிப்புல இருக்கு. வெளி மேடையில ஃபேன் ஈசலை இழுக்குதுன்னு ஒரு பழைய கொசுவலைத் துண்டை ஹெட்டுல இருந்து ஒரு சாண் தள்ளித் திரை மாதிரி தொங்கவிடறார். காத்து அடைபடாம இருக்கிற வரைக்கும் சரிதான்ணேன்னு சொல்லியிருக்கேன். போன வாரம் விடியக்காலை முதல் பஸ்ல ஏறினப்போ கண்டக்டர் வழக்கம்போல "லக்கேஜ் எங்கண்ணே?"ன்னு கேட்டாராம்.

கேபினெட் சொந்தமா வாங்கணுமான்னு கேட்டவங்களுக்கு அடுத்த எபிசோட்ல.