பாட்டு எழுதப் போன கதை

(யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற கூட்டத்தில் பாடகர் குழு சார்பில் ஆற்றிய உரை)



"பாடத் தெரிந்த உங்களுக்குப் பாட்டு எழுதத் தெரியாதா?" என்று தந்தை அவர்கள் கேட்டபோது நாங்கள் தலையாட்டிவிட்டோம். ஆட்டிய தலை பட்ட பாட்டைச் சொல்லவே இங்கு நிற்கிறோம். இனி எழுத முன்வரும் நம் இளைஞர்களுக்கு உதவலாம் அல்லவா?

யூபிலித் திருப்பலிக்கு ஒரு காணிக்கைப் பாடல். கேட்கச் சிறிய காரியந்தான். முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். அன்பு, பண்பு, தெம்பு என்று அடுக்கினோம். எதுகை இருந்தது, பொருள் இல்லை. என்ன சொல்லப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே எழுத உட்கார்ந்தது எங்கள் பிழை. மறுவாரம் எதுகை மோனையை ஒதுக்கிவிட்டு, "உழைத்ததைக் கொண்டு வந்திருக்கிறோம், ஏற்றுக்கொள்ளும்" என்று வெறும் பேச்சாக ஒரு வரி எழுதினோம். பல்லவி அதிலிருந்துதான் பிறந்தது.

அடுத்தது மெட்டு. ஓர் இரவு அது தானாகவே வந்தது. மகிழ்ச்சியில் தூக்கம் இல்லை. காலையில் டீக்கடை வானொலியில் அதே மெட்டு ஒலித்தது! பழைய சினிமாப் பாட்டு. நம் காதில் ஊறிக் கிடப்பதுதான் முதலில் வரும் போலிருக்கிறது. அதைக் கைவிட்டு, பல்லவியைப் பாடாமல், பேசுவது போலப் பலமுறை சொல்லிப் பார்த்தோம். எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்து, ஆர்மோனியத்தில் அதைத் தொடர்ந்தோம். ஆறு சுரங்களுக்குள் ஒரு மெட்டு கிடைத்தது.

ஒத்திகையில்தான் மானம் போனது. உண்மையாகவே சொல்கிறோம். "மனம் தந்தோம்" என்று எழுதியிருந்தோம். மெட்டோ முதலெழுத்தில் நீண்டு நின்றது. பெஞ்சில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், "ஏம்ப்பா, மானத்தையா கொடுத்துட்டீங்க?" என்றார். குறில் நிற்க வேண்டிய இடத்தில் இசை நீண்டால் சொல்லே மாறிவிடுகிறது. வனம் வானமாகும், கலம் காலமாகும். இசை நீளும் இடத்தில் நெடில் வேண்டும் என்று அன்று கற்றோம். "வாழ்வைத் தந்தோம்" என்று மாற்றினோம். பாட்டியும் தலையசைத்தார்.

இன்னொரு குறையை மிகவும் பிந்தித்தான் கண்டோம். ஐந்து கட்டையில் எடுத்திருந்தோம். சரணம் மேல் ஸட்ஜமத்தைத் தொட்டது. எங்கள் இளைஞர் குரலுக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஞாயிறு பாடிப் பார்த்தபோது, சரணத்தில் கோவிலே மௌனமாகிவிட்டது. பாடியவர்கள் நாங்கள் எட்டுப் பேர் மட்டுமே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாடல் அமைப்போர் சிறு குழுக்களுக்கும் மக்கள் அனைவரும் பங்கு கொள்ளவும் ஏற்ற வகையில் அமைக்க வேண்டும் என்கிறது. வாசித்திருந்தோம், உறைக்கவில்லை. இரண்டு கட்டைக்கு இறக்கி, சரணத்தையும் தாழ்த்தினோம்.

எழுத வருபவருக்கு மெட்டு வராது, மெட்டுப் போடுபவருக்குச் சொல் வராது என்பதும் எங்கள் கவலையாக இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவில் உலகெங்கும் பாடப்படும் "அமைதியான இரவு" என்னும் ஜெர்மன் பாட்டின் வரலாறு எங்களைத் தேற்றியது. ஆஸ்திரிய நாட்டு இளங்குரு ஜோசப் மோர் 1816-இல் எழுதிய அந்த ஆறு சரணங்கள் இரண்டு ஆண்டுகள் மெட்டின்றிக் கிடந்தன. 1818 டிசம்பர் 24 அன்று பள்ளி ஆசிரியரும் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் கிரூபரிடம் அவர் கொடுக்க, அன்றிரவே ஓபர்ண்டார்ப் கோவிலில் இருவரும் பாடினர். கிதார் மட்டுமே துணை. நம் குழுவிலும் இப்போது எழுதுபவர் இருவர், மெட்டமைப்பவர் ஒருவர். சண்டையும் உண்டு.

மூன்றாம் சரணத்தில் "நெல்மணி" வரும் இடம் இன்னும் ஒத்துவரவில்லை. பொருத்தமான சொல் தோன்றுகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஆர்மோனியத்தின் அருகில் எங்களைப் பாருங்கள். பாட்டியம்மாவும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.