கணினியை மாற்றுவதா, இயங்குதளத்தை மாற்றுவதா?

(புதுச்சத்திரத்தில் நடைபெற்ற நம் அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளையின் கூட்டங்களில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, ரமளான் ஏற்பாடு என்று பேசுவோம். இன்று பேசப்போவது கணினியைப் பற்றி. "இதற்கு ஏன் ஒரு கூட்டம்? கணினி தெரிந்த நாலு பேர் முடிவு செய்தால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் செலவாகப்போவது உங்கள் நன்கொடை. கணினிக்குள் இருப்பது உங்கள் வீட்டு விவரங்கள். அதில் படிக்கப்போவது உங்கள் பிள்ளைகள். எனவே மஷூரா செய்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம்.

விஷயம் இதுதான். பயிற்சி மையத்தில் எட்டுக் கணினிகளும் அலுவலகத்தில் இரண்டும் உள்ளன. எல்லாமே விண்டோஸ் 10 இயங்குதளத்தில் ஓடுபவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளைப் பதிவு செய்து கொண்டால் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அலுவலகங்களுக்கு அது தனிக் கட்டணம். ஆண்டுக்கு ஆண்டு கூடும்.

"சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அதற்கு 4 ஜி.பி. ரேம் இருந்தால் மட்டும் போதாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நம்மிடம் உள்ள பத்தில் மூன்றுதான் இதில் தேறுகின்றன. மீதி ஏழும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் தகுதியில்லை என்கிறது விதி.

ஆதரவு நின்றால் என்ன ஆகிவிடும்? கணினி நாளைக்கே நின்றுவிடாது. எப்போதும் போலத் திறக்கும், மூடும். கதவு அப்படியே இருக்கும். பூட்டை மட்டும் இனி யாரும் பழுது பார்க்க மாட்டார்கள். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளின் வேலையே ஸ்தம்பித்தது. நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு கிராம ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. கவனியுங்கள், ஒரு கிராம ஊராட்சி! அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதமே, வெளியிட்டிருந்தது. திருத்தம் போட்டவர்கள் தப்பினார்கள். இனி விண்டோஸ் 10-க்கு அப்படி ஒரு திருத்தம் தானாக வந்து சேராது.

நம் அலுவலகக் கணினியில் என்ன இருக்கிறது? உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், வருமானச் சான்று. கணவரை இழந்த சகோதரிகளுக்கு மாதாமாதம் போகும் உதவியின் பட்டியல். ஜகாத் பெறுபவர்களின் பெயர்கள். வாங்குகிறவர் முகம் வாடக்கூடாது என்றுதானே அந்தப் பெயர்களை நாம் யாரிடமும் சொல்வதில்லை? அந்தப் பட்டியல் நம் கையில் உள்ள அமானிதம். அதைப் பூட்டில்லாத கதவுக்குப் பின்னால் வைக்க முடியாது.

இப்போது நம் முன்னால் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, ஏழு கணினிகளையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது. வசதியான வழி. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இந்த ஆண்டுக் கட்டண உதவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளையிடம், "ஓடுகிற கணினியை மாற்றுவதற்காக உன் பணத்தை எடுத்தோம்" என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.

இரண்டாவது வழி, பலரும் காதோடு சொல்வது. "கடையில் கொடுத்தால் கிராக் போட்டுத் தருவார்கள், முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும்" என்பது. இது வேண்டாம் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள், அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. எழுதியவர் பணக்கார நிறுவனம் என்பதால் அவருடைய ஹக் இல்லாமல் போய்விடாது. இன்னொன்றும் உண்டு. கிராக் செய்யும் சிறு மென்பொருள்களோடு வைரஸும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். கதவைப் பூட்டப்போய்த் திருடனிடமே சாவியைக் கொடுத்த கதைதான்.

மூன்றாவது வழி, கணினியை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மாற்றுவது. அதாவது லினக்ஸ்.

பெயர் புதிதாகத் தோன்றலாம். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய வேலை இது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்க்கிறார்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம், எல்லாம் உரிமத்தின்படியே. உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு செல்போனின் உள்ளே ஓடுவதும் லினக்ஸின் கருதான். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்: திறந்ததும் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ்; இன்னொன்று பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதைத் தொட்டதே இல்லை, அவ்வளவுதான்.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் என்ன கண்டார்கள்?

நம் மாநிலத்திலேயே எல்காட் நிறுவனம், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றியது. அரசு அலுவலகமும் இதில் நடக்கும் என்று காட்டிய முயற்சி அது.

கேரளத்தில் 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் படிப்படியாக அரசுப் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. இன்று அதன் பெயர் கைட். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பை வெளியிட்ட 2019-இல், உரிமக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்நிறுவனம் கணக்குச் சொன்னது. ஆனால் நாம் பார்க்க வேண்டியது அந்தத் தொகையை அல்ல. அங்கே ஆசிரியர்களுக்குப் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தார்கள். மலையாளத்தில் பாடநூல் எழுதினார்கள். அதனால்தான் நிலைத்தது.

ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியின் கதை வேறு. 2004-இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானம் போட்டார்கள். வெளி அலுவலகங்களின் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை, சில மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடின என்று ஊழியர்கள் குறைப்பட்டார்கள். தலைமை மாறியதும் ஆர்வமும் மாறியது.

இந்த அனுபவங்களிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எந்த இயங்குதளம் சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த வேலைக்கு எது என்று கேட்க வேண்டும். எனவே நம் கணினிகளில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு விண்ணப்பம், முடிவு பார்ப்பது, ஆன்லைன் வகுப்பு: எல்லாம் பிரவுசரில் நடப்பவை. குரோமும் பயர்பாக்ஸும் லினக்ஸிலும் உண்டு. ஒரு வித்தியாசமும் இல்லை.

தமிழ்த் தட்டச்சு: தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு மூன்று முறையும் லினக்ஸில் உண்டு. அரபி எழுத்தும் அழகாக வருகிறது. 'அமீரி' போன்ற நஸ்க் எழுத்துருக்கள் இலவசம். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. இந்தச் செய்தி மடலைப் பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் விண்டோஸில்தான் ஓடும்.

கடிதம், பட்டியல், கணக்கு அட்டவணை: லிப்ரே ஆபீஸ் போதும். வேர்டு, எக்செல் கோப்புகளையும் திறக்கும். சிக்கலான அட்டவணைகளில் மட்டும் வரிசை கொஞ்சம் கலையும். வெளியே அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் தொல்லை இல்லை.

பிரிண்டர்: இதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஹெச்.பி. நிறுவனம் லினக்ஸுக்கென்றே மென்பொருள் தருகிறது. வேறு சில பழைய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் அடம்பிடிக்கும்.

டாலி: விண்டோஸில் மட்டும்தான். இதில் மாற்றுப் பேச்சில்லை.

இங்கேதான் பெற்றோர்களின் பெரிய கேள்வி வருகிறது. "லினக்ஸ் படித்தால் என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" நம் பகுதியில் வேலை எங்கே இருக்கிறது? நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில், பாடி கட்டும் பட்டறையில், கோழிப்பண்ணை அலுவலகத்தில், திருச்செங்கோடு ரிக் வண்டிக் கம்பெனியில். அங்கெல்லாம் டாலியும் எக்செல்லும்தான் கேட்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்காமல் விட முடியாது. அதே சமயம், 11-ஆம் வகுப்புக் கணினிப் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாக இருக்கிறது. 12-ஆம் வகுப்பில் வரும் பைத்தான் லினக்ஸில் சிரமமில்லாமல் ஓடும். மென்பொருள் துறைக்குப் போகிற பிள்ளைக்கு லினக்ஸ் தெரிந்திருப்பது ஒரு படி கூடுதல் பலம். சர்வர்களில் பெரும்பகுதி அதில்தான் ஓடுகின்றன. ஆக, நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும்.

எனவே நாங்கள் முன்வைக்கும் யோசனை இது. தேறிய மூன்று கணினிகளையும் முறையாக விண்டோஸ் 11-க்கு ஏற்றுவோம். ஒன்று அலுவலகக் கணக்குக்கும் செய்தி மடலுக்கும். இரண்டு பயிற்சி மையத்தில் டாலி, எக்செல் வகுப்புக்கு. மீதி ஏழில் லினக்ஸ் மின்ட் போடுவோம். அது விண்டோஸ் போலவே தோற்றம் கொண்டது, 4 ஜி.பி. ரேமில் நன்றாக ஓடும். இப்போதுள்ள 22-ஆம் வரிசைப் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். லினக்ஸ் என்றால் பூட்டே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அதிலும் வாராவாரம் திருத்தம் போட வேண்டும்.

ஒரேயடியாக மாற்றப்போவதில்லை. முதலில் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்ப்போம். அதில் கணினியில் உள்ள எதையும் அழிக்காமல் வைஃபை, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் சோதிக்கலாம். பிறகு இரண்டு கணினிகளில் போட்டு மூன்று மாதம் பயன்படுத்துவோம். அந்த மூன்று மாதத்தில் மையத்தின் ஆசிரியைகளுக்குப் பயிற்சி. அவர்கள் "எங்களுக்குக் கை வந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் மற்ற ஐந்தும். மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளும் இரண்டு நகல். ஒன்று அலுவலகத்துக்கு வெளியே, கடவுச்சொல்லோடு.

எங்கள் கவலை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மாற்றிய பிறகு ஒரு நாள் ஏதாவது நின்றால் யாரைக் கூப்பிடுவது? விண்டோஸ் என்றால் பஸ் ஸ்டாப் பக்கம் கடை இருக்கிறது. லினக்ஸுக்கு இங்கே கடை இல்லை. அதற்கு நம் பிள்ளைகளே வர வேண்டும். கணினி படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளில் ஆணில் இருவர், பெண்ணில் இருவர், வாரம் ஒரு மணி நேரம் தந்தால் போதும். அவர்கள் கிடைக்காவிட்டால் இந்த யோசனையை நாங்களே தள்ளி வைத்துவிடுவோம். ஆளில்லாத மாற்றம் நிலைக்காது.

வீட்டில் கணினி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதறிப்போய்ப் புதிது வாங்காதீர்கள். முதலில் மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' மூலம் உங்கள் கணினி தேறுமா என்று பாருங்கள். தேறினால் விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும். தேறாவிட்டால், 2026 அக்டோபர் வரையிலான நீட்டிப்பில் பதிவு செய்துகொண்டு, அதற்குள் உங்கள் வேலைகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். கடை வைத்திருப்பவர், டாலி போடுபவர் மாற வேண்டாம். படிக்கவும் விண்ணப்பிக்கவும் மட்டும் என்றால் தாராளமாக மாறலாம். பழைய கணினியைக் குப்பையில் போட நினைப்பவர்கள் எங்களிடம் கொடுங்கள். தகவல்களை முழுமையாக அழித்து, லினக்ஸ் போட்டு, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சேர்ப்போம்.

இது எங்கள் யோசனைதான், முடிவு அல்ல. தொழிலில் கணினி பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நாங்கள் எழுதிய தாள் வாசலருகே ஒட்டப்பட்டிருக்கிறது. விடுபட்ட வேலை இருந்தால் அதில் எழுதுங்கள். சகோதரிகள் மையத்தின் ஆசிரியைகளிடம் சொல்லலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இன்ஷா அல்லாஹ் எல்லோருமாக முடிவெடுப்போம்.

நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளையும் பெயர்களையும் பாதுகாக்கும் பொறுப்பை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.