ரசிகர் கைமாறி வந்தவை

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா 1930-களில் எழுதத் தொடங்கிய 'ரெக்வியம்' என்னும் கவிதை வரிசைக்குப் பல ஆண்டுகள் கையெழுத்துப் படியே கிடையாது. ஸ்டாலின் ஆட்சியில் அவருடைய மகன் சிறையில் இருந்தார். வீட்டுச் சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்குமோ என்ற அச்சமும் இருந்தது. தோழி லித்தியா சுக்கோவ்ஸ்கயா லெனின்கிராத் வீட்டுக்கு வரும்போது, அக்மதோவா வாயால் தேநீரைப் பற்றிப் பேசிக்கொண்டே, புதிய அடிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுவார். தோழி அதை மனத்தில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். தீக்குச்சி கிழித்து, சாம்பல் கிண்ணத்தில் தாளை எரித்துவிடுவார் கவிஞர். நம்பிக்கையான நண்பர் சிலரின் நினைவில்தான் அந்தக் கவிதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருந்தது. முதல் முறையாக அது நூலானது 1963-இல், அதுவும் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில். சோவியத் நாட்டில் அச்சேற 1987 ஆயிற்று.

நினைவில் வைத்ததை ஸ்டாலின் காலத்துக்குப் பிறகு மக்கள் தாளில் இறக்கத் தொடங்கினார்கள். இதற்கு வந்த பெயர் 'சமிஸ்தாத்'. தானே வெளியிடுவது என்று பொருள். அரசுப் பதிப்பகங்களின் பெயரைப் போலவே ஒலிக்கும்படி, நிக்கோலாய் கிளாஸ்கோவ் என்ற கவிஞர் 1940-களில் தம் தட்டச்சுப் புத்தகங்களின் மேல் விளையாட்டாக இட்ட ஒரு பெயரிலிருந்து இந்தச் சொல் பிறந்தது.

வேலை எளிமையானது, உடலை வருத்துவது. மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் தாள் செருகி, தட்டச்சுப் பொறியில் ஓங்கி அடித்தால் நான்கைந்து படிகள் கிடைக்கும். கடைசிப் படியில் எழுத்து நிழலாகத்தான் தெரியும். படி கையில் கிடைத்தவருக்கு ஓரிரவுதான் தவணை. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் படித்து முடித்த பக்கத்தை அடுத்தவர் வாங்கிப் படிப்பார்கள். தட்டச்சுத் தெரிந்தவர் விடிவதற்குள் இன்னும் நான்கு படி அடித்துவிடுவார். கவிதையைப் பரப்பியவர்கள் இந்தப் பெயர் தெரியாத தட்டச்சர்கள்தான். இலக்கிய வரலாறு அவர்களுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

மாஸ்கோவில் கவிஞர் மயக்கோவ்ஸ்கியின் சிலை 1958-இல் திறக்கப்பட்டது. விழா முடிந்த பின்னும் கூட்டம் கலையவில்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராக முன்வந்து கவிதை சொன்னார்கள். அதுவே வழக்கமாகி, 1961-இல் அடக்கப்படும் வரை விட்டுவிட்டு நடந்தது. அலெக்சாந்தர் கின்ஸ்பர்க் 'சிந்தாக்சிஸ்' என்ற தட்டச்சுக் கவிதை இதழை மூன்று முறை கொண்டுவந்தார், 1960-இல் கைதானார். 'ஃபீனிக்ஸ்' இதழைத் தொகுத்த யூரி கலன்ஸ்கோவுக்கு 1968-இல் ஏழாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1972-இல் கட்டாய உழைப்பு முகாமிலேயே இறந்தார். கவிதை ரசிப்பதற்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் வேறெங்கும் மிகக் குறைவு.

பாட்டும் இதே வழியில் போயிற்று. கித்தாரோடு பாடிய விளாதீமிர் விசோத்ஸ்கியின் குரலை வீட்டு ஒலிநாடாவில் பதிந்து, நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்து, நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அவர் 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது இறந்தார். செய்தித்தாள்களில் சிறு அறிவிப்புக்கு மேல் இல்லை. ஆனாலும் அவர் நடித்துவந்த தகான்கா நாடக அரங்கின் முன் பெருங்கூட்டம் திரண்டது.

தடையே இல்லாத நாடுகளிலும் ஒரு படைப்பு செத்துப்போகலாம். அங்கே அதைக் கொல்வது காலி நாற்காலி. ரிச்சர்ட் ஓ'பிரையன் எழுதிய 'ராக்கி ஹாரர்' இசை நாடகம் 1973-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில், அறுபத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட சிறு கூடத்தில் தொடங்கி நன்றாக ஓடியது. ஜிம் ஷார்மன் அதைப் படமாக்கி 1975-இல் வெளியிட்டபோது அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்களில் படம் படுத்துவிட்டது. பழைய திகில் படங்களையும் ராக் இசையையும் கலந்து, ஆணா பெண்ணா என்ற எல்லைகளைக் கலைத்துப் போட்ட அந்தப் படத்தைப் பகல் காட்சிக்கு வந்தவர்களால் ஏற்க முடியவில்லை.

1976 ஏப்ரலில் நியூயார்க் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் வேவர்லி திரையரங்கில் அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். வந்தவர்களே வாராவாரம் திரும்பி வந்தார்கள். பாத்திரம் பேசி நிறுத்தும் இடைவெளியில் யாரோ ஒருவர் திரையைப் பார்த்துப் பதில் கத்த, மறுவாரம் அதைப் பலரும் சேர்ந்து கத்தினார்கள். திருமணக் காட்சியில் அரிசி பறந்தது. மழைக் காட்சியில் நாயகி தலையில் செய்தித்தாளைப் பிடித்தபோது, அரங்கமும் செய்தித்தாளைத் தலையில் வைத்துக்கொண்டது. பின்வரிசை தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்தது. பிறகு ரசிகர்களே வேடமிட்டு, ஓடும் படத்தின் முன் நின்று அதே காட்சிகளை நடித்தார்கள். சால் பீரோ தலைமையில் ரசிகர் மன்றம் உருவானது. புதிதாக வருபவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரே எப்போது என்ன கத்துவது என்று கற்றுக்கொடுத்தார். அந்தப் படம் இன்றுவரை திரையரங்குகளை விட்டுப் போகவில்லை. 2005-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

தொலைக்காட்சி நகைச்சுவையின் கதையில் பெருமையும் இழப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பிபிசியில் 1969 அக்டோபரில் தொடங்கிய 'மான்ட்டி பைதான்' தொடர் மொத்தம் 45 பகுதிகள்தான். ஆனால் ரசிகர்கள் காட்சி காட்சியாக மனப்பாடம் செய்து கல்லூரி விடுதிகளில் ஒப்பித்தார்கள். உணவகம் ஒன்றில் டப்பா இறைச்சியின் பெயர் ஓயாமல் ஒலிக்கும் 1970-ஆம் ஆண்டுக் காட்சியிலிருந்துதான், வேண்டாத மின்னஞ்சலுக்கு 'ஸ்பேம்' என்ற பெயர் வந்தது. 1991-இல் கீடோ வான் ரோஸம் வெளியிட்ட கணினி மொழிக்குப் 'பைதான்' என்று பெயர் வைத்ததும் பாம்பை நினைத்து அல்ல, இந்தத் தொடரை நினைத்துத்தான்.

பைதான் தொடர் பிழைத்தது. பல தொடர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அக்காலத்தில் வீடியோ நாடா விலை உயர்ந்தது. மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் பிபிசி 1970-களின் பிற்பகுதி வரை பழைய நாடாக்களை அழித்து அவற்றின் மேலேயே புதியதைப் பதிந்தது. பீட்டர் குக், டட்லி மூர் இணையின் நகைச்சுவைத் தொடரில் பெரும்பகுதி இப்படி மறைந்தது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1993 முதல் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தேடிக் கண்டெடுத்துத் திரையிட்டு வருகிறது. 'டாட்ஸ் ஆர்மி' நகைச்சுவைத் தொடரின் 1969-ஆம் ஆண்டு இரண்டாம் பருவத்தில் ஆறு பகுதிகளுள் ஐந்து தொலைந்தன. இரண்டு 2001-இல் திரும்பக் கிடைத்தன. வேறு இரண்டுக்கு, ஒளிபரப்பான நேரத்தில் ஒருவர் பதிந்து வைத்திருந்த ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. மீதமுள்ள ஒரு பகுதிக்கு அந்த ஒலியும் இல்லை.