குழந்தைக்கு அடுத்த புத்தகம் எது?

(ஒரு கிராமப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



குழந்தைகளும் புத்தகமும் என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி இப்படிப்பகத்தார் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் பண்டிதரல்ல, பள்ளிக்கூட வாத்தியாருமல்ல. சில காலம் ஒரு படிப்பகத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்த அனுபவம் மாத்திரமே நமக்குண்டு. அதைக் கொண்டு நம் புத்திக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் பெற்றோர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான். "பையன் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான், கைப்பேசி கெடுத்துவிட்டது" என்கிறார்கள். சரி, அவனுக்கு என்ன புத்தகம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், பரீட்சைக்கான வினாவிடைப் புத்தகம் என்கிறார்கள். அல்லது எப்போதோ பரிசாக வந்த அறிவுரைப் புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்கிறது என்கிறார்கள். தோழர்களே! பசியில்லாதவன் என்று பிள்ளையைப் பழிக்கும் முன்பு இலையில் என்ன பரிமாறினோம் என்று பார்க்க வேண்டாமா?

அதே பையன் இராத்திரி பாட்டியிடம் போய், பத்து தடவை கேட்ட கதையையே பதினோராவது தடவையும் சொல்லச் சொல்லுகிறான். பாட்டி ஒரு வார்த்தையை மாற்றினால், "அப்படியில்லை" என்று திருத்துகிறான். இவனா கதையில் விருப்பமில்லாதவன்? தனக்கு எது பிடிக்கும் என்பதை அவன் தினந்தோறும் வாய்விட்டுச் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறான். கேட்பதற்குத்தான் நமக்குக் காதில்லை.

இந்தத் தப்பை நாமும் செய்திருக்கிறோம். தெனாலிராமன் கதை என்றால் உயிரை விடும் ஒரு பையனுக்கு, அவன் உருப்படட்டும் என்று எண்ணி, தடித்த ஜீவிய சரித்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. முதல் நான்கு பக்கங்களில் மாத்திரம் விரல் அழுக்கு இருந்தது. மற்றவை புத்தம் புதிதாக இருந்தன. பையன் அதற்குப்பின் படிப்பகத்துப் பக்கமே வரவில்லை. நாமே போய்க் கூப்பிட்டு, "தெனாலிராமன் கதையில் உனக்கு எந்த இடம் பிடிக்கும்?" என்று கேட்டோம். "பூனை பாலைக் கண்டு ஓடுகிற இடம்" என்றான். "ஏன்?" என்றோம். "ராசாவுக்கே தெரியாததை அவன் யோசித்துக் கண்டுபிடித்தான் அல்லவா?" என்றான். அப்போதுதான் நமக்கு விளங்கியது. அந்தப் பையன் விரும்பியது வேடிக்கையை மாத்திரமல்ல, யுக்தியை! உடனே ஒரு விடுகதைக் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தோம். மறுநாள் நாம் கதவைத் திறப்பதற்கு முன்பே திண்ணையில் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே நாம் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது. உனக்குப் பிடித்த கதை எது? அதில் எந்த இடம் பிடிக்கும்? ஏன்? என்ற மூன்று கேள்விகளைக் குழந்தையிடம் கேளுங்கள். அந்த விடையிலிருந்து ஒரு படி மாத்திரம் மேலே வையுங்கள். ஒன்பது படி தாவச் சொல்லாதீர்கள்.

சில உதாரணங்கள் சொல்லுகிறோம். பரமார்த்த குருவும் ஐந்து சீடர்களும் நம் குழந்தைகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவர்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் எழுதிய கதை அது. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பதும், ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஓர் ஆள் குறைந்துவிட்டதென்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவதும் யாருக்குத்தான் சிரிப்பு மூட்டாது? பெரியவர்களின் மடத்தனத்தைக் கண்டு சிரிக்கிற குழந்தைக்கு அடுத்தபடி ஸ்விப்ட் என்பவர் 1726இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரையைச் சுருக்கமாகக் கொடுங்கள். அங்கே சாண் உயர மனிதர்கள், முட்டையைப் பெரிய பக்கம் உடைப்பதா, சின்னப் பக்கம் உடைப்பதா என்பதற்காக யுத்தம் செய்கிறார்கள். அது குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல. ஆனால் குதிரை முட்டைக்குச் சிரித்த குழந்தை இந்த முட்டைக்கும் சிரிக்கும். சிரித்தபின் யோசிக்கவும் செய்யும்.

மிருகங்கள் பேசும் கதையை விரும்பும் குழந்தைகள் அனேகர். பஞ்சதந்திரம் பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் போய் ஐரோப்பா முழுவதும் சுற்றியது. தமிழில் 1826இல் தாண்டவராய முதலியார் அதை மராத்தியிலிருந்து வசனமாக்கினார். பாம்பை ஏமாற்றிய காக்கையை விரும்பும் பெண்ணுக்குப் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொடுங்கள். காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுவது எந்தக் கதைக்குக் குறைந்த அதிசயம்? சலீம் அலி சிறுவனாக இருந்தபோது, தொண்டையில் மஞ்சள் நிறமிருந்த ஒரு குருவியைப் பார்த்து, இது என்ன குருவி என்று விசாரிக்கப் புறப்பட்டார். அந்த ஒரு கேள்விதான் அவரைப் பறவை ஆராய்ச்சியில் உலகப் பிரசித்தராக்கியது.

சிந்துபாத்தின் கடல் யாத்திரையை விரும்புகிறவனுக்கு ஜூல்ஸ் வெர்ன் 1873இல் வெளியிட்ட எண்பது நாளில் உலகம் சுற்றிய கதை இருக்கிறது. அதன் கதாநாயகன் கிழக்கு நோக்கியே சுற்றி வந்ததால், தனக்குத் தெரியாமலேயே ஒரு நாளை லாபமாக அடைகிறான். ஒரு நாள் எப்படி மிச்சமாகும் என்று பையன் கேட்பான். ஒரு எலுமிச்சம் பழத்தையும் விளக்கையும் எடுத்து வைத்துப் பூமி சுற்றுவதைக் காட்டுங்கள். பூகோளப் பாடத்தில் கொட்டாவி விட்டவன் கண்ணை அகல விரிப்பான்.

பேய்க் கதை கேட்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் நம் தோழர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். "பேயாவது, பிசாசாவது, மூடு வாயை" என்று அதட்டுகிறார்கள். அதட்டினால் பேய் போய்விடுமா? போர்வைக்குள் அல்லவா போய் ஒளிந்து கொள்ளும்! கொஞ்சம் வளர்ந்த பிள்ளையானால், கானன் டாயில் 1902இல் வெளியிட்ட பாஸ்கர்வில் வேட்டை நாய்க் கதையைக் கொடுங்கள். நெருப்புக் கக்கும் ஒரு பிசாசு நாயை ஊரே கண்டு நடுங்குகிறது. ஒருவன் மாத்திரம் தடயத்தைத் தேடுகிறான். முடிவை இங்கே சொன்னால் பிள்ளைகள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். பயந்து கொண்டே படித்தவன் முடிவில் பயத்தின் காரணத்தையும் தானே அறிந்து கொள்ளுவான் என்று மாத்திரம் சொல்லி நிறுத்திக் கொள்ளுகிறோம்.

"ஆசைப்பட்டதையே கொடுத்துக் கொண்டிருந்தால் பிள்ளை கெட்டுப் போகாதா?" என்று சிலர் கேட்கலாம். அதையே கொடுத்துக் கொண்டிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதிலிருந்து அடுத்ததற்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள் என்கிறோம். பிடிக்கவில்லையென்று குழந்தை பாதியில் மூடி வைத்தால் அடிக்காதீர்கள். தனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொல்ல உரிமையில்லாமல் வளர்ந்தவன், பெரியவனானபின் எதற்கும் தலையாட்டுகிறவனாகத்தான் இருப்பான்.

பெண் குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். அண்ணன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் படிக்கிறான் என்கிறோம். தங்கை உட்கார்ந்தால் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்கிறோம். இது எவ்வளவு அக்கிரமம்! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. அடுப்படியில் வேலை செய்யும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்குப் படித்துச் சொல்லம்மா" என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய கௌரவம் அக்குழந்தைக்கு வேறில்லை.

பணமில்லாதவர்கள் என்ன செய்வது? அதற்குத்தான் நூல் நிலையம். 1892இல் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள், ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற ஆள் கிடைக்க வேண்டும் என்ற கருத்தை 1931இலேயே நூல் நிலைய விதிகளில் சேர்த்து எழுதினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூல் நிலையச் சட்டமும் வந்தது. சட்டம் வந்து என்ன பயன்? குழந்தை கிழித்துவிடும் என்று பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டால், அந்தப் புத்தகத்தைக் கரையான்தான் படிக்கும்! குழந்தையின் கையில் கிழிந்த புத்தகம் வீணானதல்ல. பீரோவில் புதிதாக இருக்கும் புத்தகமே வீணானது.

ஆகையால் இப்படிப்பகத்தாருக்கு ஒரு யோசனை. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வருகிற ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு நேரே, அதற்குப் பிடித்த கதை எது, பிடித்த இடம் எது, அடுத்துக் கொடுத்த புத்தகம் எது என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு விழாவில் நம்மைப் போன்றவர்களை மேடையேற்றிப் பேசச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டைக் கொண்டு வந்து, குழந்தைகளையே மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். நாம் கீழே உட்கார்ந்து கேட்கிறோம்.