கேஸ் ஷீட்டிடம் கேள்வி கேட்கும் டாக்டர்

முத்தாபுதுப்பேட்டையில இருந்து ஒரு இளம் டாக்டர் கேட்ட கேள்விதான் இன்னிக்கு எபிசோடு. "எம்.பி.பி.எஸ். முடிச்சாச்சு. நீட் பி.ஜி. ரெண்டு தடவை எழுதியாச்சு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி சி.டி.ஐ. வேலைக்குக் கூப்பிடுது. போனா நான் டாக்டரா, கிளார்க்கா?"

சி.டி.ஐ.ன்னா கிளினிக்கல் டாக்குமென்டேஷன் இம்ப்ரூவ்மென்ட். நோயாளிக்கு நடந்தது எல்லாம் கேஸ் ஷீட்ல சரியா பதிவாகியிருக்கான்னு பார்க்கிற வேலை. மெடிக்கல் கோடிங் நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்ல. கோடர், எழுதியிருக்கிறதை கோடா மாத்துவார். சி.டி.ஐ. ஆள், எழுதாம விட்டது என்னன்னு தேடுவார்.

ஒரு உதாரணம். டாக்டர் "யூரோசெப்சிஸ்"னு எழுதுறார். வார்டுல எல்லாருக்கும் புரியும். ஆனா அமெரிக்காவோட ஐ.சி.டி-10-சி.எம். விதிப்படி அந்த வார்த்தைக்கு கோடே கிடையாது. சாதாரண சிறுநீர்த் தொற்றா, இல்ல ரத்தத்துல பரவி செப்சிஸ் ஆயிடுச்சா? ரெண்டும் வேற வேற நோய். லாக்டேட், பி.பி., கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிச்சு இந்தச் சந்தேகத்தைக் கிளப்ப மருத்துவம் தெரிஞ்ச ஆள் வேணும். உங்க படிப்பு வேலை செய்யுற இடம் அதுதான்.

இதுக்குப் பின்னாடி பணமும் இருக்கு. 1983-ல மெடிகேர், ஒவ்வொரு நோய்க் குழுவுக்கும் இவ்வளவுன்னு ஒரே தொகை கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தது. அப்புறம் கேஸ் ஷீட்ல ஒரு வார்த்தை மாறினா பில்லும் மாறும். அதனாலதான் இந்த வேலைக்குக் கறாரான எல்லை உண்டு. "செப்சிஸ்னு போட்டுடுங்க டாக்டர்"னு சொல்லக் கூடாது. இருக்கிற அறிகுறிகளைச் சொல்லி, "உங்க கருத்து என்ன?"ன்னு கேட்கணும். "தீர்மானிக்க முடியல"ங்கிற பதிலுக்கும் இடம் விடணும். பில் எவ்வளவு கூடும்னு பேசவே கூடாது. பில்லை ஏத்துறதுதான் வேலைன்னு இன்டர்வியூல யாராவது சொன்னா, எழுந்து வந்துடுங்க.

சரி, இது அமெரிக்கா சமாச்சாரம் மட்டும்தானா? இல்ல. நாலு வருஷம் முன்னாடி பாலிசி எடுத்த ஒருத்தர். பத்து மாசமாத்தான் சுகர். அவசரத்துல யாரோ "பத்து வருஷமா சுகர்"னு எழுதிடுறாங்க. உடனே இன்சூரன்ஸ் தரப்பு, "நோயை மறைச்சுட்டீங்க"ன்னு கிளெய்மை நிறுத்தலாம். அலையப்போறது அந்தக் குடும்பம். 2024-ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட விதிப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள்ள கேஷ்லெஸ் அனுமதி முடிவாகணும். அப்படின்னா சம்மரி முதல்லயே சரியா இருக்கணும். தப்பு இருந்தா, சிகிச்சை கொடுத்த டாக்டரே தேதி போட்டு, கையெழுத்தோட திருத்தணும்.

இப்ப நடைமுறை. அமெரிக்க ஆஸ்பத்திரி கேஸ்னா நைட் ஷிப்ட் வரலாம், முதல்லயே கேட்டுக்குங்க. கேஸ் ஷீட் மட்டும் படிக்கிறதால, அங்க பிராக்டிஸ் பண்ற லைசென்ஸ் தேவைப்படாது. சி.சி.டி.எஸ்.னு பேர்பெற்ற சான்றிதழ் ஒண்ணு இருக்கு. அது ஏற்கெனவே சி.டி.ஐ. வேலையில அனுபவம் உள்ளவங்களுக்கானது. "மூணு மாசத்துல வாங்கித் தர்றோம்"னு ஃபிரெஷரிடம் ஃபீஸ் கேட்கிற இடத்தை நம்பாதீங்க. மெடிக்கல் கவுன்சில் பதிவையும் விட்டுடாதீங்க; திரும்பி வார்டுக்குப் போகத் தோணினா கதவு திறந்திருக்கணும்.

டாக்டரா, கிளார்க்கான்னு கேட்டீங்க. நோயாளி கையைப் பிடிச்சுப் பார்க்கிற திருப்தி இதுல கிடைக்காது. அதுதான் உங்களுக்கு உயிர்னா, போக வேண்டாம். ஆனா படிச்சுத் துப்பறியப் பிடிக்கும், பெரிய டாக்டரிடமும் பணிவா "இது சரியா சார்?"னு கேட்கத் தைரியம் இருக்குன்னா, தாராளமா போங்க. வீட்ல யாராவது "படிச்சது வீணா?"ன்னு கேட்டா, அந்த "பத்து வருஷ சுகர்" கதையைச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.